கிளுவையா நீலச்சிறகியா, போவது யார் மீசை?

வால்வுச் சக்கரத்தின் இடுக்கில் விரலை விட்டு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தாலும் பம்ப் ஆபரேட்டரின் கண் குளத்தில்தான் இருந்தது. தண்ணீர் நிலையத்தில் முப்பத்தோரு வருட வேலை. குழாய் வெடித்தாலும் டீயைக் குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். அப்படிப்பட்டவரை ஒரு பழுப்பு வாத்து ஆட்டிவைத்தது.

இரண்டு வாரமாகத் தினமும் காலையில் அது பம்ப் அறைப் பக்கம் மேய வந்தது. முகத்தில் கோடு, அலகு தொடங்கும் இடத்தில் வெளிர்ப் பொட்டு. "நீலச்சிறகி, பெட்டை" என்று அவர் தீர்ப்பு எழுதிவிட்டார்.

எதிர்க்கரையில் சலூன் வைத்திருக்கும் தங்கை புருஷன் ஒத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் கடையின் பின் ஜன்னல் வழியே அவர் பார்த்த வாத்துக்கு முகத்தில் கோடே இல்லை. வாலோரம் மட்டும் ஒரு வெளிர்க்கீற்று.

"அது கிளுவை மச்சான். முதல்ல கண்ணாடிய மாத்துங்க."

"மாப்பிள்ளே, நான் பத்தடி தூரத்துல நின்னு பாக்கறேன். நீங்க சோப்பு நுரைக்கு நடுவுல பாக்கறீங்க."

ஆண் வாத்தாக இருந்திருந்தால் பேச்சே இல்லை. நீலச்சிறகி ஆணுக்குப் புருவம் வெள்ளை வெளேரென்று இருக்கும். கிளுவை ஆணுக்குச் செம்பழுப்புத் தலையில் பச்சைப் பட்டை. பெட்டைகள் விஷயத்தில்தான் சந்தேகம் வரும். இரண்டும் பொடி வாத்து, இரண்டும் சருகு நிறம். பறக்கும்போது இறக்கையைப் பார்த்தால் தெரிந்துவிடும்: கிளுவைக்குப் பளிச்சென்று பச்சை, நீலச்சிறகிப் பெட்டைக்கு மங்கிய சாம்பல். ஆனால் அது பறந்தால்தானே!

வாய்ச்சண்டை முற்றி மீசையில் வந்து நின்றது. ஆபரேட்டரின் மீசை அவருக்கு அரை நிமிடம் முன்னால் வேலைக்கு வந்து சேரும். மாப்பிள்ளையின் மீசைதான் சலூனுக்கு விளம்பரப் பலகை. சலூன் கட்டண அட்டையின் பின்பக்கம் ஆபரேட்டர் பதிவேட்டு நடையில் எழுதினார்: 'குளத்தில் ஒரே ஒரு வாத்து உள்ளது. அது நீலச்சிறகி என்பது முதலாமவர் கூற்று. கிளுவை என்பது இரண்டாமவர் கூற்று. தவறாகச் சொன்னவரின் மீசை அகற்றப்படும்.' இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அன்றிலிருந்து சலூன்காரருக்கு வேலையில் கவனம் இல்லை. ஒரு வாடிக்கையாளரின் கிருதா ஒரு பக்கம் காதுக்கு மேலேயும் மறு பக்கம் தாடைக்குப் பக்கத்திலும் நின்றது. அந்த ஆள் வீட்டுக்கே வந்து கத்திவிட்டுப் போனார். அப்போதுதான் தங்கை தலையிட்டாள். முதியோர் இல்லத்தில் வேலை. தினமும் எட்டுக் கிழவர்களுக்குச் சவரம் செய்து, மாத்திரை விழுங்க வைத்து, சண்டை விலக்கிவிட்டு வருகிறவள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரையும் பம்ப் அறைக்கு இழுத்து வந்தாள்.

"அண்ணே, அந்த வால்வைத் திற. தண்ணிச் சத்தத்துல பறக்குதா இல்லையா பாப்போம்."

ஆபரேட்டர் சக்கரத்தை நாலு சுற்றுச் சுற்றினார். தண்ணீர் ஹோவென்று இரைந்து விழுந்தது. நாணலுக்குள்ளிருந்து விருட்டென்று கிளம்பியது வாத்து. இறக்கையில் பளிச்சென்று பச்சை.

"கிளுவை! பாத்தீங்களா மச்சான்?" என்று சலூன்காரர் குதித்தார். ஆபரேட்டரின் கை தானாக மீசையைப் பொத்தியது.

குதித்த கால் தரையில் படுவதற்குள், பின்னாலேயே இன்னொன்று கிளம்பியது. முகத்தில் கோடு, இறக்கை சாம்பல்.

"நீலச்சிறகி!" என்று அலறினார் ஆபரேட்டர். "நான் சொன்னேனா இல்லையா?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முகம் மலர்ந்தது. ரெண்டு பேர் சொன்னதும் சரி, ரெண்டு மீசையும் பத்திரம் என்று தோளில் கைபோட்டுக்கொண்டார்கள்.

தங்கை அட்டையை நீட்டினாள். "முதல் வரியப் படிங்க."

"குளத்தில் ஒரே ஒரு வாத்து உள்ளது," என்று படித்த ஆபரேட்டரின் குரல் கடைசி வார்த்தையில் இறங்கிப்போனது.

"ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. தப்பாச் சொன்னவங்க மீசை என்ன ஆகும்?"

"ஏம்மா, அது சும்மா ஒரு பேச்சுக்கு எழுதினது..."

"காலைல ஆறரைக்கு எனக்கு டூட்டி. ஆறு மணிக்கு ரெண்டு பேரும் கடைக்கு வந்துடணும்."

மறுநாள் ஆறு மணிக்கு அவளே கத்தியைப் பிடித்தாள். கணவருக்கு இரண்டு நிமிடம், அண்ணனுக்கு நாலு நிமிடம். அசையாதே என்று அண்ணனின் தலையில் ஒரு தட்டு. வாயைக் கைக்குட்டையால் பொத்தியபடி வேலைக்குப் போன ஆபரேட்டரைப் பார்த்து, "பல்வலியா?" என்று பரிதாபப்பட்டார் என்ஜினியர். "ஆமாங்க சார், ரெண்டு நாளா," என்று முனகி, அரைநாள் விடுப்பு வாங்கிக்கொண்டு நேரே குளத்துக்குப் போனார். மாப்பிள்ளை கடையைச் சாத்திவிட்டு அங்கே ஏற்கெனவே உட்கார்ந்து வாத்துகளை எண்ணிக்கொண்டிருந்தார்.