மூன்று முறைத் தண்ணீர்

சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் யார் எதிரில் வந்தாலும் தெய்வாத்தாள் மணி கேட்பார். வீட்டுச் சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனாலும் நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதும், பிறகு கல்லூரி பஸ்ஸில் இறங்கி நடக்கும்போதும், "மணி என்னாச்சு கண்ணு?" என்ற குரல் தோட்டத்துக்குள்ளிருந்து வரும். ஆறு மணிக்குக் கிணற்று முறை மாறும். அவர் ஐந்து நிமிடம் முன்பே மோட்டாரை நிறுத்திவிடுவார்.

சாமளாபுரத்துக்குப் பக்கத்தில் நாலு ஏக்கர் தோட்டம். கிணற்றில் பாதி அவருக்கு, பாதி கணவரின் பங்காளி சென்னியப்பனுக்கு. இரண்டு நாள் தண்ணீர் இவர் முறை, அடுத்த இரண்டு நாள் அவர் முறை. தெய்வாத்தாள் பதினேழு வயதில் சேவூரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவர். கணவர் ஆத்தப்பன் பாம்பு கடித்து இறந்தபோது மகன் தரணீதரனுக்கு ஒன்பது வயது. அதன்பிறகு மண்வெட்டியோடு நின்று தண்ணீர் கட்டியதும், வெங்காய மூட்டையைச் சந்தைக்கு ஏற்றி அனுப்பியதும் அவர்தான். மகன் மங்கலத்தில் பனியன் கம்பெனி வைத்த பிறகும் அவர் வயலைவிட்டு ஏறவில்லை.

தோட்டத்து ஓரம் அவர் கட்டிய ஐந்து லைன் வீடுகளில் ஒன்றில் நாங்கள் இருந்தோம். முதுகுளத்தூர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்த என் அப்பா சோணைமுத்து டைலர். அம்மா ராமுத்தாய்க்குப் பனியன் கம்பெனியில் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் வேலை. எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் கல்லூரி வாசலை மிதித்தது நான் ஒருத்திதான்.

மூன்று வருடத்துக்கு முந்தைய கோடையில் கிணறு வற்றி, தெய்வாத்தாளின் வெங்காயம் வாடியது. சென்னியப்பன் சோளம் அறுத்துவிட்டு நிலத்தைச் சும்மா போட்டிருந்தார். தன் முறையில் மூன்றை விட்டுக்கொடுத்தார்.

"நா வாழை வெக்கறப்பத் திருப்பிக் குடுங்க நங்கை," என்றார். அண்ணியை நங்கை என்பது இந்தப் பக்கத்து வழக்கம்.

"மூணும் தந்தர்றனுங்க. மறக்க மாட்டன்."

"மறந்தீங்கன்னா உங்க வெங்காயத்தப் புடுங்கிட்டுப் போயிருவன்!"

அடுத்த வருடம் நான் பி.காம். முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தேன். ஒருநாள் தெய்வாத்தாள் இரண்டு பக்கக் காகிதத்தை வாசித்துக் காட்டச் சொல்லி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். தோட்டத்தை மகன் பெயருக்கு எழுதும் பத்திரத்தின் நகல். மறுநாள் பதிவு.

"எம் மககிட்டக் குடுங்க ஆத்தா. வக்கீலுக்கே பாடம் சொல்லுவா," என்றாள் அம்மா.

வாசித்தேன். 'மேற்படி கிணற்றில் பொதுவில் பாதி பாகமும், முறைநாள் பாத்தியமும் சகிதம் சர்வ சுதந்திரமாய்' என்று ஒரு வரி நீண்டுகொண்டே போனது. இரண்டாம் முறை வாசித்தும் விளங்கவில்லை. அம்மா என் முகத்தையே பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் கார் சாவியோடு நின்ற தரணீதரன், "சித்ரா, ஆபீஸ்ல பில்லிங்குக்கு ஆள் பாக்கறோம். திங்கக்கிழமை வந்து பாரு," என்றார்.

"நெலம் பையனுக்குத்தான், செரி," என்றார் தெய்வாத்தாள். "தண்ணி முறை நா இருக்கற வரைக்கும் என்ற கையில இருக்குமில்ல கண்ணு? சென்னியப்பனுக்கு மூணு தரோணும்."

"இருக்கும் ஆத்தா. கையெழுத்துப் போடுங்க."

புரியவில்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். இத்தனை வருடம் படித்துவிட்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை. வெட்கத்தில் மறைத்தேனா, திங்கட்கிழமையை நினைத்துச் சொன்னேனா என்று இன்றுவரை எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

போன ஆடியில் சென்னியப்பன் வாழை வைத்தபோது, கடனைத் திருப்பிக் கொடுக்கத் தெய்வாத்தாள் கிணற்றுக்குப் போனார். அங்கே சாயப்பட்டறைகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் லாரி நின்றது. டிரைவர் காசிமாயன், "ஓனர் சொன்னாத்தேன் பைப்பைக் கழத்துவேன் ஆத்தா," என்றான்.

வாசலில் காரருகே நின்ற மகனிடம் வந்தார். நான் டிபன் பாக்ஸோடு அவர் கம்பெனி ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"முறையெல்லாம் இப்ப எம் பேர்லதானம்மா இருக்குது. லாரிக்காரங்களுக்கு வாக்குக் குடுத்தாச்சு. அந்தப் புள்ள படிச்சுக் காட்டுச்சில்ல?"

தெய்வாத்தாள் என்னைப் பார்த்தார். பிறகு மகனிடம், "நாந்தான் செரியாக் கேக்காமப் போயிட்டன். அவளையேன் இழுக்கற?" என்றார்.

நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதுபோல் நடந்தேன்.

அதன்பிறகு அவர் சென்னியப்பன் வீட்டு வழியாகப் போகவே இல்லை. கடைக்குப் போவதென்றாலும் சுற்றுப்பாதைதான். இந்தத் தை மாதம் இறந்துபோனார்.

காரியம் முடிந்து சென்னியப்பனைப் பார்க்கப் போனேன். கருகிய வாழையை வெட்டிப் போட்டுவிட்டுச் சோளம் விதைத்திருந்தார்.

"ஆத்தா உங்களுக்கு மூணு முறைத் தண்ணி..." என்று ஆரம்பித்தேன்.

"அத உடு கண்ணு. எம்மேல நங்கைக்கு என்ன கோவம்? ஆறு மாசமா இந்தப் பக்கமே வல்ல. நா என்ன தப்புப் பண்ணுனன்னு உன்றகிட்ட ஏதாச்சும் சொன்னாங்களா?"

"கோவமெல்லாம் இல்லீங்க," என்றேன். அதற்குமேல் சொல்லத்தான் போயிருந்தேன். "நங்கை பையன்கிட்டத்தான வேலைக்குப் போற?" என்று அவர் கேட்டதும் தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

லாரிகள் இன்னும் வருகின்றன. சென்னியப்பனின் நிலத்துக்குத் தெய்வாத்தாள் தர வேண்டிய மூன்று முறைத் தண்ணீர் இன்னும் போகவில்லை.