உம்மாவின் தகர அறை

எங்கள் ஊர்ப்பக்கம் வீடு மகளுக்குத்தான். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார், பெற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். கல்முனையில் என் கலியாணம் நடந்தபோது வாப்பா மௌத்தாகிவிட்டிருந்தார். உம்மா தனியாக நின்றுதான் வீட்டைக் கட்டி முடித்தா. கலியாணத்துக்கு மறுநாளே பாயையும் தலையணையையும் தூக்கிக்கொண்டு, சமைக்கும் குசினிக்குப் பின்னால் இருந்த தகரக் கூரை அறைக்குப் போய்விட்டா.

வீட்டுக்குள் ஓர் அறை சும்மா கிடந்தது. "வாங்க உம்மா" என்று கூப்பிட்டேன்.

"எனக்கு இது காணும் புள்ள."

என் கணவரும் கேட்டுப் பார்த்தார். அவருக்கும் அதே பதில்தான்.

வெயில் காலத்தில் அந்தத் தகரத்துக்குக் கீழே மனிதர் இருக்க முடியாது. மின்விசிறி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பெட்டியைப் பிரிக்கவேயில்லை; பேத்திக்கு உதவுமாம். மீன் ஆக்கினால் நடுத்துண்டு எங்களுக்கு, வால் அவவுக்கு. வீட்டுக்கு வருகிறவர்கள், "உங்கட உம்மாட மனசு ஆருக்கு வரும்?" என்பார்கள். சொல்லிக்கொண்டே அந்த அறையையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார்கள்.

போன வருடம் உம்மாவின் காலில் புண் வந்தது. சொல்லவில்லை. நாற்றம் எடுத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் டொக்டர் சீனி வருத்தம் என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இவ்வளவு நாளும் என்ன செஞ்சிட்டு இருந்தீங்க?"

நான் வாய் திறக்குமுன் உம்மா முந்திக்கொண்டா. "அவள ஏசாதீங்க மகன். அவளுக்கு நேரமில்ல. நான்தான் சொல்லல்ல."

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னா. வார்டில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நிமிஷம் உம்மாவை நான் வெறுத்தேன்.

கால் விரல்களை எடுத்த பிறகுதான் வீட்டுக்கு விட்டார்கள். ஓட்டோவில் வரும்போது கேட்டேன். "உங்களுக்கு உங்கள்ல கொஞ்சமும் இரக்கமில்லையா உம்மா?"

"என்னை எனக்கு எதுக்கு புள்ள? உங்களுக்காகத்தானே இரிக்கன்."

"எங்களுக்காக எண்டா, அந்தப் புண்ண எங்களுக்காகவாவது பாத்திருக்கலாமே!"

உம்மா அழுதா. நான் தேற்றவில்லை.

அவ தந்த எதையும் நான் நிம்மதியாக அனுபவித்ததில்லை. இந்த வீட்டில் காலை நீட்டிப் படுக்கும்போதெல்லாம், பின்னால் அவ வேர்த்து நனைந்து கிடப்பது நினைவில் வரும். தன்னையே வேண்டாம் என்று ஒதுக்கியவரிடமிருந்து அன்பை எப்படி வாங்குவது? நான் கொடுக்கப் போனாலும் அதை வாங்கிக்கொள்ள அங்கே ஆளில்லை.

இப்போது என் மகளுக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள். "பின்னால நம்மளுக்கு ஒரு அறை போடுவமா?" என்று கணவர் கேட்டார்.

"புள்ளைக்கு மேல் மாடியக் கட்டுங்க. நான் என்ட அறைய விட்டு எங்கயும் போகமாட்டன்."

உம்மாவுக்கு அது கேட்டிருக்க வேண்டும். தேத்தண்ணி கொண்டுபோனபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தா.

"நீயெல்லாம் ஒரு தாயா?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டா.

கோப்பையை வைத்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து அவ என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.