அட்டைக்கடி என்று நினைத்த புண்

என் வீட்டுக்காரர் ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கிறவர். திங்கட்கிழமை காலையில் போடியிலிருந்து ஜீப்பில் மலைக்கு மேலே போனால் சனிக்கிழமைதான் இறங்குவார். ஆவணியில் ஒரு சனிக்கிழமை, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செம்புள்ளிகளோடு வந்து நின்றார். அரிப்பும் இல்லை, வலியும் இல்லை. பூச்சிமருந்துதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று இரண்டு பேருமே முடிவு கட்டினோம்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வயிற்றில் இரண்டு மாசம், வாந்தி வேறு. அப்படியும் விடவில்லை. திங்கட்கிழமை அதே ஜீப்பில் ஏறிப் போய்க் கங்காணியைப் பிடித்துக்கொண்டேன். "இந்த மனுசன் கையப் பாருங்கண்ணே! கைக்கு ரப்பர் உறை வாங்கிக் குடுக்க முடியாதா? நீங்க ஒரு நாளு அடிச்சுப் பாக்குறது!" அந்த ஆள் பாவம், மறுநாளே எல்லாருக்கும் உறை வாங்கிக் கொடுத்துவிட்டார். சில வாரத்தில் புள்ளிகள் மறைந்தன. நானே குணமாக்கிவிட்டதாகத் தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

நாலாம் மாசம் ஆஸ்பத்திரிக்குச் செக்கப்புக்குப் போனபோது ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்ததும் நர்சக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ரத்தத்துல மேகநோய் இருக்கு தங்கச்சி. சிபிலிஸ்னு சொல்லுவாங்க."

"என்னக்கா சொல்றீங்க! நான் எவன் மூஞ்சியையும் ஏறிட்டுப் பாக்காதவ!"

"உன்னைய யாரு குத்தம் சொன்னா? இது ஒரே தட்டுல சாப்ட்டா வராது, ஒரே கக்கூசுக்குப் போனா வராது. சேந்து படுக்குறதுலதான் பரவும். பொம்பளைக்கு உள்ளுக்குள்ள புண்ணு இருந்தாக்கூட வலிக்காது, தெரியவும் செய்யாது. உங்க வீட்டுக்காரருக்கு உள்ளங்கையில அரிக்காத புள்ளி ஏதும் வந்துச்சா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். "புள்ளைக்கு என்னக்கா ஆகும்?" என்று மட்டும் கேட்டேன்.

"விட்டா வயித்துப் புள்ளைக்கும் போயிரும். தங்காமயே போனாலும் போகும். இப்பவே ஊசி போட்டா காப்பாத்திரலாம். ஆனா அவரும் வந்து போட்டுக்கணும். இல்லேன்னா உனக்குத் திரும்பவும் வரும். அதுவரைக்கும் தள்ளிப் படுங்க."

முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு வந்தேன். சனிக்கிழமை அவர் செருப்பைக் கழற்றுமுன்பே கேட்டுவிட்டேன். தலையைக் குனிந்தபடி வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வெளியூருக்கு ஏலக்கா லோடோட போனப்ப, ஒரே ஒரு தடவை புள்ள. அப்புறம் தொடையிடுக்குல ஒரு புண்ணு. வலிக்கவே இல்ல. அட்டை கடிச்சதுன்னு நெனச்சேன். பொகையிலை வச்சேன், ஆறிப்போச்சு."

மழைக்காலத்தில் ஏலக்காட்டில் வேட்டிக்குள் அட்டை ஏறுவது தினப்படி நடப்பது. கடிப்பது தெரியாது, ரத்தம் வழிந்தபிறகுதான் தெரியும். அந்தப் புண்ணை யாராவது டாக்டரிடம் காட்டுவார்களா? புண் தானாக ஆறினாலும் நோய் உள்ளேயே இருக்கும், கொஞ்ச நாளில் புள்ளியாக வெளியே வரும், அதுவும் மறைந்துவிடும் என்று பிறகு நர்சக்காதான் சொன்னார்.

கையிலிருந்த சொம்பை அவர் மேல் எறிந்தேன். இன்னொன்று இருந்தால் அதையும் எறிந்திருப்பேன்.

"ஆஸ்பத்திரிக்கு வெரசா கெளம்புங்க" என்றேன்.

"வேணாம் புள்ள. ஊருக்கே தெரிஞ்சிரும். மானம் போயிரும்."

"மானமா? என் புள்ள போயிருமேய்யா!"

திங்கட்கிழமை ஜீப்பை விட்டுவிட்டு என்னோடு வந்தார். நர்சக்கா அவரைத் திட்டவே இல்லை. "வந்தீங்களே, அதுவே பெருசுண்ணே" என்றதும் அவர் கண் கலங்கியது. எனக்கு ஆத்திரத்தோடு இரக்கமும் வந்து தொலைத்தது.

பங்குனியில் பெண் பிறந்தாள். அவளுக்கும் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. நோய் இல்லை என்று டாக்டர் சொன்னபோது வாய்விட்டு அழுதேன்.

அவர் கட்டிலை விட்டு எட்டவே நின்றார். பிள்ளையைத் தொடப் பயம்.

"ஊசியெல்லாம் போட்டு முடிச்சாச்சுல்ல, வாங்கிக்கங்க" என்று நீட்டினேன். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "என்னைய மன்னிச்சிட்டியா புள்ள?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல" என்றேன். "தலையப் பிடிச்சுத் தூக்குங்க."