நான் வெளிச்சமாக்கிய முகம்

பெப்ரவரி ஏழாம் திகதி, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பதுக்கு எங்கள் புகைப்படக் குழுவின் வாட்ஸ்அப்பில் றிஸ்னா ஒரு படத்தைப் போட்டு, குறைகளைச் சொல்லுமாறு கேட்டாள். உக்குவளையில் அவளுடைய வீட்டுத் தோட்டத்தில் ஒரு பெண் மிளகு பறித்துக்கொண்டிருந்தாள். முகம் முழுவதும் இருள்.

"முகத்தை இழந்த படம்" என்று எழுதினேன். அதோடு நில்லாமல், இருளைக் குறைத்து, முகத்தைத் தெளிவாக்கி, திருத்திய படத்தையும் குழுவில் போட்டேன். பாராட்டுகள் வந்தன.

றிஸ்னா உடனே அழைத்தாள்.

"என்னக்கா செஞ்சீங்க! லெச்சுமியக்கா எஸ்டேட்ல சுகமில்லன்னு லீவு சொல்லிட்டுத்தான் எங்க வீட்டுக்கு மொளகு பறிக்க வந்தாங்க. மொகம் தெரியாம எடுன்னு சொன்னாங்க. அந்த எஸ்டேட் கிளாக்கரும் குரூப்ல இருக்காரு. வேல போயிடும்க்கா!"

திருத்திய படத்தைக் குழுவிலிருந்து அழிக்கும் முன் பார்த்தேன். அதைப் பார்த்தவர்களில் கிளாக்கரின் பெயரும் இருந்தது.

அன்றிரவு பரீட்சைக்குப் படிக்கப் பாடப்புத்தகத்தைப் பலமுறை திறந்தேன். ஒரு வரியும் மனதில் ஏறவில்லை. இருளைக் குறையாக மட்டுமே பார்க்கப் பழகியிருந்த நான், அது யாருக்காவது தேவைப்படுமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

மறுநாள் காலை, றிஸ்னாவிடம் இடம் கேட்டு, முதல் பஸ்ஸில் அந்த எஸ்டேட் இருக்கும் றத்தோட்டைக்குப் போய், லெச்சுமியக்காவின் லயத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். திங்கட்கிழமை கிளாக்கர் அவரிடம் விசாரிப்பதற்கு முன், நடந்ததை என் வாயாலேயே சொன்னேன்.