காணவில்லை பக்கத்தில் என் முகம்

அண்ணனைக் காணவில்லை என்று இணையத்தில் போட்டோம். போட்ட படம் என்னுடையது. அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது என்று சில நாள் நினைக்கிறேன். அதற்கும் முன்னாலேயே ஆரம்பித்திருக்கும்.

எங்கள் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவோம், ஒருநாள் காலையில் கரும்பு வெட்டப் போகிறேன் என்று கத்தியை எடுத்துக்கொண்டு போனார். அது கரும்பு வெட்டுகிற மாசமே இல்லை. அவர் திரும்பி வரவில்லை. அண்ணனுக்கு அப்போது கல்யாணம் ஆன புதிது. தேடிக்கொண்டு வேலூர் வரைக்கும் நடந்து போனான். கால் வீங்கித் திரும்பி வந்து, "நைனாவுக்கு வூட்டு வழி மறந்துபோச்சுடா. வேற ஒன்னுமில்ல" என்றான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

வயசான பிறகு அண்ணனுக்கும் அப்படி வந்தது. முதலில் மாட்டைக் கட்டின இடம் மறந்தது. பிறகு மாட்டை விற்றது மறந்தது. பிள்ளைகள் பெங்களூரில் இருப்பது மறந்தது. ஒன்றே ஒன்று மட்டும் மறக்கவில்லை. அப்போது எங்களுக்கு நிலம் கிடையாது, ஊரார் கரும்பில் கூலிக்குத்தான் போவோம். ஒரு ஏக்கராவுக்குப் பட்டா கிடைத்தால் திருப்பதி மலைக்கு வந்து முடி கொடுக்கிறேன் என்று அண்ணன் வேண்டியிருந்தான். பட்டா வந்தது. கிணறு தோண்டினோம், மாங்கன்று நட்டோம், அது காய்த்தும் விட்டது. முடி மட்டும் கொடுக்கவில்லை. எந்நேரமும் அதே பேச்சு. சாப்பிடும்போது பாதியில் எழுந்து, "முடி குடுக்கணும், வண்டி போயிடும்" என்பான்.

"மண்டையில கீறதெல்லாம் போச்சு. அந்த வேண்டுதல் மட்டும் ஆணி அடிச்ச மாதிரி நிக்குது தம்பி. குடுத்துட்டு வந்துடுங்க, அப்புறமாவது நிம்மதியா துன்னட்டும்" என்றாள் அண்ணி.

அண்ணனும் நானும் போனோம். சித்தூரிலிருந்து திருப்பதிக்கு பஸ், அங்கிருந்து மலைக்கு இன்னொரு பஸ். முடி எடுக்கும் கூடத்தில், அவனுக்குத் துணையாக நானும் கொடுப்பதென்று, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தலை குனிந்தோம். மீசையும் எடுத்தாயிற்று. குளித்தோம். சந்தனம் பூசிக்கொண்டோம். பையிலிருந்து துண்டை எடுக்க நான் குனிந்தேன். நிமிர்ந்து பார்த்தால் எல்லாரும் மொட்டை. எல்லார் தலையிலும் சந்தனம். பின்னாலிருந்து பார்த்தால் எது என் அண்ணன்? ஒவ்வொரு தலையாகத் தோளைத் தொட்டுத் திருப்பினேன். திரும்பின முகம் ஒவ்வொன்றும் வேறு யாரோ.

மைக்கில் சொன்னார்கள். போலீசில் எழுதிக்கொண்டார்கள். இரண்டு நாள் மேலே தேடினேன். பிறகு, வேண்டுதல் முடிந்துவிட்டது, இனி அவனுக்கு மலையில் என்ன வேலை, கால் போன போக்கில் ஊர்ப் பக்கம்தான் வருவான் என்று நினைத்துக் கீழே இறங்கிவிட்டேன்.

சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற அம்மா எங்கள் பென்ஷன் தாளெல்லாம் எழுதித் தருவாள். நாற்பது தாண்டிய பொம்பளை, எந்நேரமும் வாயில் கிராம்பு. நானும் அண்ணியும் அங்கே போய் உட்கார்ந்தோம்.

"வாட்ஸ்அப்புல உட்டா போதாதா?" என்று அண்ணி கேட்டாள்.

"அது அறுந்த பட்டம் அத்தை. நூலு நம்ம கையில இருக்காது. ஆளு கெடைச்சு அஞ்சு வருசம் ஆனாலும் காணோம் காணோம்னு சுத்திக்கினே இருக்கும். நாமளே ஒரு வெப்சைட் கட்டிட்டா நெனச்சப்ப மாத்தலாம். பாலிடெக்னிக்ல கத்துக்கினது, இத்தினி வருசம் கழிச்சு இப்பதான் தொடறேன்."

வெள்ளைத் திரையில் எழுத ஆரம்பித்தாள். முன்னும் பின்னும் முனை வைத்த சொற்கள், வரிசை வரிசையாக.

"இன்னாம்மா இது, முள்வேலி கட்டற மாதிரி கீது?"

"இதான் மாமா எச்.டி.எம்.எல். தொறந்தா மூடணும். இங்க தலைப்புன்னு தொறக்கறேன், இங்க மூடறேன். மூடலன்னு வையி, கீழ கீறதெல்லாம் தலைப்பாட்டம் பெருசு பெருசா வந்து நிக்கும்."

நான் பள்ளிக்கூடம் பார்க்காதவன். ஆனாலும் அது எனக்குப் புரிந்தது. பாத்தி கட்டினவனுக்குப் புரியாதா? மடையைத் திறந்துவிட்டு மூடாமல் போனால் தண்ணீர் அடுத்தவன் கழனிக்குப் போகும். நான்கு பக்கம் கட்டினாள். முதல் பக்கத்தில் படமும் போன் நம்பரும். இரண்டாவதில் அடையாளம்: இடது புருவத்தில் கரும்புக் கத்தி பட்ட வெட்டு, பாதி புருவம் முளைக்காது. மூன்றாவதில் எங்கே காணாமல் போனான், எங்கெல்லாம் போவான். நான்காவதில் யார் எங்கே பார்த்தார்கள் என்று வருகிற தகவல். எல்லாம் தெலுங்கிலும் தமிழிலும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கோடு போட்ட நீல எழுத்து. அதைத் தொட்டால் அடுத்த பக்கம் திறக்கும். நான் தொட்டுப் பார்த்தேன், திறந்தது.

படத்தில்தான் சிக்கல் வந்தது. அண்ணனுக்கு இருந்த படமெல்லாம் தலை நிறைய முடி, பெரிய மீசை. "இதப் போட்டா யாரு கண்டுபுடிப்பா? ஆளு இப்ப மொட்டை" என்று சொல்லிக்கொண்டே அவள் என்னைப் பார்த்தாள். பார்த்தபடியே இருந்தாள்.

அண்ணிக்குப் புரிந்துவிட்டது. "வேணாம்மா. உசுரோட எதிர்ல குந்திக்கினு கீற ஆள காணோம்னு போடறதா? ஆவாது. வாய் வெச்சா பலிச்சிடும்."

"ரெண்டு பேரும் ஒரே அச்சு அத்தை. ஒரே நாள்ல மழிச்சது. இவரு தலையில எவ்ளோ வளருதோ அவரு தலையிலயும் அவ்ளோதான வளரும்? வாராவாரம் இவரப் படம் புடிச்சி மாத்திடலாம்."

என்னைச் சுவரோரம் நிறுத்திப் படம் எடுத்தாள். அந்த வேலையை நான் ஒழுங்காகச் செய்தேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அதே சுவர், அதே நிற்கிற நிலை. முதல் வாரம் சாம்பல் பூசின மாதிரி. இரண்டாம் வாரம் கேழ்வரகுத் தாள் மாதிரி குத்தியது. மீசையும் வந்தது. என் தலையைத் தடவினால் அண்ணன் தலையைத் தடவுகிற மாதிரி இருக்கும். எங்கேயோ இந்த அளவு முடியோடு அவன் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன்.

கட்டம் கட்டமாகப் போட்ட ஸ்டிக்கரும் அடித்துக் கொடுத்தாள். போனை நீட்டினால் பக்கம் திறக்கும். அதை ஒட்டிக்கொண்டே ஊர் ஊராகத் தேடினேன். கங்காதர நெல்லூர், பலமனேர் தக்காளி மண்டி, வேலூர் பஸ் நிற்கிற இடம். ஒட்டின மறுநாளே போன் வர ஆரம்பித்தது. கங்காதர நெல்லூர் டீக்கடையில் பார்த்தோம். பலமனேர் மண்டியில் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். அண்ணி அழுதாள், சந்தோஷத்தில். நான் அங்கங்கே ஓடினேன். போய்ச் சேர்ந்தால் ஆள் இருக்க மாட்டான். "இப்பதான் இருந்தாரு" என்பார்கள். சிலர் என்னையே கையைப் பிடித்து, "நீங்கதான அது? வூட்டுக்குப் போலாம் வாங்க" என்று இழுத்தார்கள். ஒருமுறை நான் அவன் தம்பி என்று சொல்லி முடிப்பதற்குள் பஸ் ஏற்றிவிட்டார்கள்.

நான்காம் பக்கம் நிறைந்துகொண்டே வந்தது. ஐந்தாவது திங்கட்கிழமை, நானும் அண்ணியும் கடையில் இருக்கும்போதே அண்ணியின் போன் அடித்தது. கடை அம்மா அதை வாங்கி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள். பலமனேர்ப் பக்கத்து ஆள்.

"நேத்து பாத்தேம்மா, அதே ஆளு. பச்சைத் துண்டு, மஞ்சப் பை."

"புருவத்துல வெட்டு இருந்துச்சாண்ணா?"

"அதெல்லாம் யாரு பாத்தா? ஆனா பாவம்மா அந்தப் பெரியவரு. யாரையோ தேடிக்கினு கீறாரு. போறவன் வர்றவன எல்லாம் நிறுத்தி, பாத்தியா பாத்தியான்னு கேட்டுக்கினே கீறாரு."

அவள் போனை வைத்தாள். கிராம்பைத் துப்பினாள். பிறகு என் தோளில் இருந்த பச்சைத் துண்டைப் பார்த்தாள். நான்காம் பக்கத்தை மேலிருந்து படித்தாள். எந்த நாள், எந்த ஊர். நான் போன வழி அப்படியே இருந்தது. ஒரு ஊர்கூடத் தப்பவில்லை. ஐந்து வாரமாக நான் என்னையே துரத்திக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

"சொன்னனா இல்லியா?" என்றாள் அண்ணி.

இனி நான் வெளியே போகக்கூடாது என்று முடிவு செய்தோம். நான் வீட்டுக்குள் இருந்தால், அதற்குப் பிறகு யாராவது பார்த்தேன் என்றால் அது அண்ணன்தான். பழக்கத்தில் நான் எழுந்து போய்விடுவேன் என்று அண்ணி வெளியே கொக்கி போட்டாள். உள்ளே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள், இரண்டு நாள். பத்து நாள். ஒரு போன்கூட வரவில்லை. அதுவரை வந்தது முழுக்க நான்தான் என்றால், அண்ணனை இந்த உலகத்தில் ஒருத்தர்கூடப் பார்க்கவில்லையா? நைனா போனபோதும் இப்படித்தான். பார்த்தேன் என்று சொல்ல ஒரு ஆள் கிடைக்கவில்லை.

பதினோராம் நாள் ஜெராக்ஸ் கடை அம்மாவே வந்தாள். கொக்கியைப் பார்த்து, "இன்னா அத்தை, மாமாவ ஜெயில்ல போட்டுட்ட?" என்று சிரித்தவள், அண்ணியின் போனை வாங்கிப் பக்கத்தைத் திறந்தாள். முதல் பக்கத்தில் என் முகம். கீழே நீல எழுத்தைத் தொட்டாள். வெள்ளையாக நின்றது. மறுபடி தொட்டாள். வெள்ளை. சிரிப்பு நின்றுவிட்டது.

"தப்புப் பண்ணிட்டேன் மாமா. ரெண்டாம் பக்கத்துக்கு வழி எழுதினப்ப, அது என் கம்ப்யூட்டர்ல எங்க கீதோ அந்த எடத்தையே எழுதிட்டேன். என் கடையில தொட்டா தொறக்கும். வெளிய எவன் போன்லயும் தொறக்காது. இத்தினி நாளா புருவத்து வெட்ட ஒருத்தரும் படிக்கல."

மாசத்துக்கும் மேலாக ஊருக்கெல்லாம் தெரிந்தது என் முகம் ஒன்றுதான். அவனுடையது என்று அதில் இருந்த ஒரே அடையாளம், ஒரு கடைக்குள்ளேயே பூட்டிக் கிடந்திருக்கிறது. அவள் அப்போதே ஓடிப்போய்ச் சரிசெய்தாள்.

மூன்றாம் நாள் போன் வந்தது. மலையில் தொப்பி விற்கிற பொம்பளை. பாதி தெலுங்கு, பாதி தமிழ். "பலமனேர் போனப்ப ஸ்டிக்கர்ல இந்தப் படத்த முன்னாடியே பாத்தேண்ணா. முடி ஜாஸ்தி கீதேன்னு உட்டுட்டேன். இங்க கீற தாத்தாவுக்கு முடியே லேது. நாலஞ்சு நாளைக்கு ஒருதபா மழிச்சிக்கினு வர்றாரு. இன்னிக்கு ரெண்டாவது பக்கம் படிச்சேன். புருவம் அதே."

அண்ணி கொக்கியை எடுத்தாள். இரண்டு பேரும் மலையேறினோம். முடி எடுக்கிற கூடத்துக்கு வெளியே வரிசையில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். மழித்து இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருக்கும். தலை முழுக்கச் சின்னச் சின்ன வெட்டுக்காயம், ஒன்று ஆறுவதற்குள் இன்னொன்று. கொடுத்தது மறந்து மறந்து, அந்த வேண்டுதலை மறுபடி மறுபடி செலுத்திக்கொண்டிருந்திருக்கிறான். போடுகிற அன்னத்தைத் தின்றுவிட்டு வந்து வரிசையில் உட்காருவானாம்.

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். என் தலையில் அப்போது முடி நன்றாக வளர்ந்திருந்தது.

"நீ இன்னும் குடுக்கலியா?" என்றான். "குந்து. வண்டி போயிடும்."

அண்ணி அவன் தலையைத் தன் முந்தானையால் மூடி, கையை விடாமல் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குக் கூட்டி வந்தோம். இப்போது அந்தக் கொக்கி அவனுக்காக இருக்கிறது.

போன வாரம் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். போகிற வழியில் ஒரு காரியம் நடந்தது, அதை அண்ணியிடம் சொல்லவில்லை. கடை எந்தச் சந்து என்று தெரியாமல் பஸ் ஸ்டாண்டை இரண்டு சுற்று சுற்றினேன். இரண்டாம் சுற்றில் ஒரு தூணில் அந்த ஸ்டிக்கர் பாதி கிழிந்து இருந்தது. அதைப் பார்த்துத்தான் ஞாபகம் வந்தது.

"ஆளு வந்தாச்சே மாமா, பக்கத்த எடுத்துடட்டுமா?" என்று கேட்டாள் அவள்.

"இருக்கட்டும்."

"எதுக்கு? பாக்கறவங்க உன்னத்தான புடிச்சிக்கினு வருவாங்க?"

"அதுக்குத்தாம்மா. ரெண்டாம் பக்கத்துல புருவத்த மட்டும் எடுத்துடு" என்றேன். "எனக்கு வலது முழங்கால்ல ஒரு தழும்பு கீது. அத எழுதிக்கோ."

அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இரண்டாம் பக்கத்தைத் திறந்தாள்.