கேரவனில் ஒரு கழிப்பறை

வெளியூர் கிளம்பும் நாளில் நான் தண்ணீர் குடிக்க மாட்டேன். காலையில் அரை டம்ளர் காப்பி, அதோடு சரி. ஸ்ரீமுஷ்ணத்துப் பள்ளிக்கு விருத்தாசலத்திலிருந்து பஸ்ஸில் போய் வரும் டீச்சர்கள் நாங்கள் எல்லோரும் இப்படித்தான். இதை யாரும் யாருக்கும் உட்காரவைத்துச் சொல்லித் தந்ததில்லை. இதனால் எனக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு வரும். வீட்டில் "சூடு புடிச்சிருக்குது" என்று சொல்லிவிட்டு, கால் கட்டைவிரல் நகத்தில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். தண்ணீர் குடிக்காமல் இருந்தால் இன்னும் மோசமாகும் என்று டாக்டரம்மா திட்டியதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வெட்கம், வேறென்ன?

இதில் கூத்து என்னவென்றால், என் கணவருக்குத் தொழிலே கழிப்பறைப் பீங்கான்தான். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் சின்ன யூனிட் வைத்திருக்கிறார். எந்த லாட்ஜில் ரூம் எடுத்தாலும் கட்டிலைக்கூடப் பார்க்க மாட்டார். நேராகப் பாத்ரூமுக்குள் போய்ப் பீங்கானை விரலால் சுண்டிப் பார்த்து, விரிசல் இருக்கிறது, மெருகு சரியில்லை என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே வருவார். லாட்ஜே வேண்டாம் என்றுதான் கேரவன் ஆசை அவருக்குப் பிடித்தது.

எங்கள் ஊரில் கேரவன் என்றால் ஷூட்டிங்கில் நடிகர்கள் உட்காரும் வண்டி. இவர் சொன்னது அதுவல்ல. எஞ்சின் இல்லாத சின்ன வீடு, நம் காரின் பின்னால் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு போவது. செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் நடத்த ஆரம்பித்தார். வெறும் வண்டியின் எடையைப் பார்த்து ஏமாறக் கூடாதாம். தண்ணீர், சிலிண்டர், அரிசி, பாத்திரம், துணிமணி எல்லாம் ஏற்றிய பிறகு எவ்வளவு வருகிறதோ அதுதான் கணக்காம். கார் அதை இழுக்குமா என்பதைவிட, இறக்கத்தில் பிடித்து நிறுத்துமா என்பதுதான் பெரிய கேள்வியாம். நான் காதில் வாங்கிக்கொண்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். ஒரு படத்தில், பின்பக்க மூலையில், கதவு வைத்த சின்ன அறை இருந்தது. செல்போனை வாங்கி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பு மேடை எனக்குப் பிடித்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

லீவு விட்டதும் கரூர்ப் பக்கம் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் ஒரு பட்டறைக்குப் போனோம். ஒன்பதாவது படிக்கும் மகளும் வந்தாள். காலைக் காப்பிக்குப் பிறகு நான் எதுவும் குடிக்கவில்லை. இருந்தும் திருச்சி தாண்டும்போதே அடிவயிறு கடுக்கத் தொடங்கிவிட்டது. பட்டறையில் வெல்டிங் அடிப்பவர்கள், பெயின்ட் அடிப்பவர்கள் என்று எல்லோரும் ஆண்கள். யாரிடம் போய்க் கேட்பது?

பட்டறைக்காரர் எங்கள் காருக்கு ஏற்றபடி வரைந்து வைத்திருந்த படத்தை மேசையில் விரித்தார். ஒவ்வொரு சாமானின் எடையாகக் கூட்டிக்கொண்டு வந்தவர் கழிப்பறை வந்ததும் நிறுத்திவிட்டார். தன் யூனிட்டில் செய்த பீங்கானைத்தான் அதில் வைக்க வேண்டும் என்று இவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அதன் எடை, அதற்கான தண்ணீர்த் தொட்டியின் எடை எல்லாம் பின்மூலையில் போய் உட்கார்ந்தால் முன்னால் கொக்கி தூக்கிக்கொள்ளும், வேகத்தில் வண்டி வாலை ஆட்டும் என்றார் அவர். நம் ரோட்டுக் குலுக்கலுக்குப் பீங்கான் தாங்காது என்றும் சொன்னார். பிளாஸ்டிக்கில் ஒன்று வருகிறது, ஒரு கையால் தூக்கிவிடலாம், அதை வைத்தால் கணக்குச் சரியாகிவிடும் என்றார்.

என் கணவருக்கு முகம் சிவந்துவிட்டது. "பீங்கான் செய்யறவன் வண்டியில பிளாஸ்டிக் கக்கூஸா? பேட்டையில நாலு பேரு பாத்தா சிரிக்க மாட்டாங்க?" என்றார். பிறகு, பீங்கான் வைக்க முடியாதென்றால் அந்த அறையே வேண்டாம், அந்த இடத்தில் பீரோ வைத்துவிடுங்கள், வழியெல்லாம் பெட்ரோல் பங்க் இருக்கிறது, இல்லையென்றால் ஓரமாக நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒரே மூச்சில் முடிவு சொல்லிவிட்டார். அவருக்கென்ன, எல்லா ஓரமும் ஓரம்தான். பட்டறைக்காரர் ரப்பரை எடுத்தார்.

வாயைத் திற என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வரவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பஸ்ஸை, காரை, ஆட்டோவை எனக்காக நிறுத்தச் சொன்னதே இல்லை. இத்தனை ஆண்களுக்கு நடுவில் எப்படிச் சொல்வேன்? வகுப்பில் அறுபது பிள்ளைகளை அதட்டும் குரல் அங்கே எங்கே போனதோ.

அப்போது மகள்தான் பேசினாள். "ரூம் வேணாம்பா, விடுங்க. நானும் அம்மாவும் தண்ணி குடிக்காம வந்துடுவோம். அம்மா பழக்கிவுட்டுருக்காங்க, எவ்ளோ நேரம்னாலும் அடக்கிக்குவேன்."

சரியான விடை தெரிந்து எழுந்து நிற்கும் பிள்ளையின் முகம் அவளுக்கு. பொண்ணு சமர்த்து என்று பட்டறைக்காரர் சிரித்தார். இவரும் பெருமையாகத் தலையாட்டினார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. வலியால் இல்லை. "பாட்டில்ல பாதி போதும்டி, வழியில எங்க போவ?" என்று தினமும் அவளைப் பள்ளிக்கு அனுப்பியவள் நான்தான். போன மாதம் அவளும் சூடு பிடித்திருக்கிறது என்று சுருண்டு படுத்திருந்தாள். நான் சுண்ணாம்பை எடுத்துக் கொடுத்தேன்.

"ஏங்க," என்றேன். "அந்த ரூமு எனக்கு வேணும். பிளாஸ்டிக்குன்னாலும் பரவால்ல. என்னால அடக்க முடியல. இப்பக்கூட முடியலங்க."

பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று முதுகைக் காட்டிக்கொண்டார். பட்டறைக்காரர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. என் கணவர் என்னைப் பார்த்தார், நெருக்கி வைத்திருந்த என் கால்களைப் பார்த்தார், பிறகு மெதுவாக, "இங்க லேடீஸ் போறதுக்கு எங்கங்க இருக்குது?" என்று பட்டறைக்காரரிடம் கேட்டார். பின்தெருவில் இருந்த தன் வீட்டுக்கு அவர் போன் போட்டுச் சொன்னார். அவர் மனைவி வாசலிலேயே நின்று அழைத்துப் போனார். மகளைக் கூப்பிட்டேன், வேண்டாம் என்று தலையாட்டிவிட்டாள்.

நான் திரும்பி வந்தபோது படத்தில் அந்த அறை மறுபடி வந்திருந்தது. சக்கரத்துக்கு மேலாக நகர்த்தி, பிளாஸ்டிக் என்று எழுதியிருந்தார்கள். எனக்கு யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. கேட்டது கிடைத்துவிட்டதே என்ற சந்தோஷம் கொஞ்சமும் வரவில்லை, எப்போது கிளம்புவோம் என்றிருந்தது.

மகள் முன்னாலேயே போய்க் காரில் உட்கார்ந்திருந்தாள். கரூர் தாண்டியதும் ஒரு கடையில் காரை நிறுத்தச் சொல்லி, நானே இறங்கித் தண்ணீர் பாட்டில் வாங்கினேன். குடி, எங்கே வேண்டுமானாலும் அப்பா நிறுத்துவார் என்று அவளிடம் நீட்டினேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அத்தன பேரு முன்னால ஏம்மா அத சொன்ன? எனக்கு அசிங்கமா இருக்குது," என்றாள். "தண்ணி வேணாம். வூட்டுக்குப் போயி குடிச்சுக்கறேன்."