வாசிக்காமல் ‘ஆமா’ போடாதவள்

ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளை எல்லோரும் ‘வாசி அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கிருந்த ஐந்து கம்ப்யூட்டர்களும் அவள் பொறுப்பு. எதை ஏற்றினாலும் எதை நீக்கினாலும் கம்ப்யூட்டர் கடைசியில் ‘ஆமா’வா ‘இல்லை’யா என்று கேட்கும். அதற்கு முன்னால் என்னென்ன வரும், என்னென்ன போகும் என்று திரையில் இரண்டு பட்டியல் ஓடும். அதை யார் வாசிக்கிறார்கள்? இவள் வாசிப்பாள், அதுவும் வாய்விட்டு. பக்கத்தில் இருப்பவரையும் “வாசி, வாசி” என்று பிடுங்கி எடுப்பாள்.

பட்டுத் தெரிந்துகொண்ட பழக்கம் அது. ஆறு வருஷத்துக்கு முன்னால், டைப்பிங் பிரிவிலிருந்து மாறி வந்த புதிதில், ‘வேண்டாததை நீக்கு’ என்றொரு கட்டளையைப் பார்த்து, இடம் மிச்சமாகுமே என்று சந்தோஷமாக அழுத்திவிட்டாள். யாருக்கு வேண்டாதது என்று யோசிக்கவில்லை. லேபிள் அச்சடிக்கும் மென்பொருளும் சேர்ந்து போய்விட்டது. அன்றைக்கு முந்நூற்று நாற்பது ரத்தக் குழாய்களுக்கும் அவளே கைப்பட லேபிள் எழுதினாள். மின்சாரத்தின் மேலோ மெஷினின் மேலோ பழி போடாமல், “நான்தான் கெடுத்தேன்” என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

இந்த வருஷம் புதிதாக வந்த நிர்வாகி, கம்ப்யூட்டர் பார்க்கிறவர்களுக்கு எழுத்துத் தேர்வு வைத்தார். அப்டேட், அப்கிரேட் வேறுபாடு என்ன என்பது முதல் கேள்வி. அவள் எழுதினாள்: ‘நம் கம்ப்யூட்டர்களில் அப்டேட் என்றால், கடையில் என்ன புதிதாக வந்திருக்கிறது என்று பட்டியலைப் பார்த்து வருவது. வீட்டுக்கு ஒரு சாமானும் வராது. அப்கிரேட் என்றால், பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதைத் தூக்கி வருவது.’ மற்ற கேள்விகளுக்கும் இப்படித்தான். புத்தகத்தில் உள்ளபடி இல்லை என்று திருத்திய மகராசன் மொத்தத்துக்கும் பூஜ்யம் போட்டுவிட்டார். திங்கட்கிழமை முதல் பழைய கோப்புகள் அறைக்குப் போகச் சொல்லி உத்தரவும் வந்தது.

“முட்டையா? நான்கூட லைசென்ஸ் டெஸ்ட்ல ரெண்டு தடவை வாங்கினவன்தான்” என்று தேற்றப் பார்த்தார் பஸ் ஓட்டும் கணவர்.

“நீங்க தப்பா ஓட்டி வாங்கினீங்க. நான் சரியா எழுதி வாங்கியிருக்கேன்” என்றாள்.

வெள்ளிக்கிழமை, மென்பொருள் கொடுக்கும் கம்பெனியிடமிருந்து ஆஸ்பத்திரிக்கும் அதன் மூன்று கிளைகளுக்கும் ஒரு கடிதம் வந்தது. ‘உடனே அப்டேட் செய்யவும்.’ அவ்வளவுதான். அவள் கம்பெனிக்குப் போன் போட்டாள்.

“பட்டியலை மட்டும் பாக்கணுமா, புதுசை ஏத்தணுமா?”

“ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?”

“ஒண்ணா இருந்தா எதுக்கு ரெண்டு பேர் வச்சாங்க? கேட்டுச் சொல்லுங்க.”

அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. ஏற்றத்தான் வேண்டும், ஆனால் அவர்கள் மென்பொருளை மட்டும். அவள் அதை மட்டும் ஏற்றினாள்.

கிளைகளில் யாரும் கேட்கவில்லை. ஒரு கிளையில் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு ‘முடிந்தது’ என்று உட்கார்ந்துவிட்டார்கள். மற்ற இரண்டிலும் கண்ணில் பட்டதையெல்லாம் ஏற்றினார்கள். சனிக்கிழமை காலை, பழையது செல்லாமல் ஒன்றும், வேண்டிய மென்பொருள் பறிபோய் இரண்டும், ஆக மூன்றும் படுத்துவிட்டன. ரத்தக் குழாய்ப் பெட்டிகள் ஆட்டோவில் இங்கே வந்து இறங்கத் தொடங்கின. நிர்வாகி வேர்த்து விறுவிறுத்து அவள் அறைக்கே வந்து, கிளைகளைச் சரிசெய்யச் சொன்னார்.

அவள் ஒவ்வொரு கிளையாகப் போன் போட்டாள். இரண்டு கிளைகள் வேலைக்குத் திரும்பின. மூன்றாவது கிளைக்காரர் அவசரக்காரர்.

“அதான் தெரியுமேக்கா, ஆமா போட்டுடறேன்.”

“கையை எடுங்க. போறது என்னென்னன்னு வாசிங்க.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே வாசித்தார். நான்காவது பெயரில் குரல் நின்றது. நேற்று பறிபோய், அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் மறுபடி ஏற்றிய, பரிசோதனை மெஷினோடு பேசும் மென்பொருள் அது.

“திரும்பவும் போயிருக்கும்க்கா” என்றார் மெல்ல.

“இல்லைன்னு போடுங்க. முதல்லேருந்து பாக்கலாம்.”

பதினொரு மணிக்குள் மூன்றாவது கிளையும் எழுந்துவிட்டது. அதுவரை நிர்வாகி அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

“இதெல்லாம் உங்களுக்கு யாரும்மா சொல்லிக்குடுத்தா?”

“நான் கெடுத்தது சொல்லிக்குடுத்துச்சு சார்.” சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம்கூட வெட்கமில்லை, பெருமையாகவே இருந்தது.

“திங்கக்கிழமை உத்தரவை நிறுத்தி வைக்கிறேன்” என்றார் நிர்வாகி.

“நிறுத்தி வச்சது என்னைக்கு வேணும்னாலும் கிளம்பிடும் சார்” என்றாள் அவள். “ரத்து பண்ணிடுங்க. ரெண்டும் வேற.”

அவர் உத்தரவை வரவழைத்து, குறுக்கே ‘ரத்து’ என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.